இடைவிடாமல் பத்து நிமிடம்

உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,

பெற்றவளுக்கு எழுதிய கடிதத்தின் அடியிலும் பதவியைச் சேர்த்தே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதனால் நானும் அப்படியே அழைத்துவிட்டேன். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகவில்லை, அதற்குள் உனக்குக் கீழே முட்டாள்கள் கிடைத்துவிட்டார்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் அந்தச் சொல் நான்கு இடங்களில் வருகிறது. உரத் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் அபாய ஹாரன் ஓயாமல் அலறுகிறதாம். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் அதன் வாயில் காகிதத்தைத் திணித்து வைத்திருந்தாராம். நீ கண்டுபிடித்து மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்துவிட்டாயாம், விசாரணை வைத்திருக்கிறார்களாம், அவர் வேலை போவது நிச்சயமாம். பிறகு நீயே உட்கார்ந்து ஒரு புது விதி எழுதினாயாம்: அழுத்தமோ வெப்பமோ எல்லையைத் தாண்டி இடைவிடாமல் ஐந்து நிமிடம் நின்றால்தான் ஹாரன் ஒலிக்க வேண்டும். அறை அமைதியாகிவிட்டதாம், பெரிய பொறியாளர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். கடைசியில் ஒரு வரி, "இது சின்ன வயசில் நீ சொல்லிக் கொடுத்ததுதான் அம்மா." அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துப் பருப்பு டப்பாவின் மேல் வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி எடுக்க முடிந்தது.

நீ சொல்வது உண்மை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு அப்போது வயது போதாது என்று சாக்கு வைத்துக்கொண்டேன். பிறகு நீ பெரியவனானதும், இனி எதற்கு என்று இன்னொரு சாக்கு. அந்தக் கோழைத்தனத்தின் பலன் இப்போது ஒரு தொழிற்சாலையில் விதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தில் நான் யாரையாவது இகழ்ந்து எழுதினால், முதல் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள். அடுத்த ஆள் நீ.

அடையாற்றில் நான் வேலை பார்த்த மருந்துக் குளிர் கிடங்கு உனக்கு நினைவிருக்கும். தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பம், புதிதாக மருந்து வியாபாரத்தில் இறங்கிக் கட்டியது அது. ஊசி மருந்துகள், சீரம், குழந்தைகளுக்கான போலியோ சொட்டு மருந்து எல்லாம் எட்டு டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சுவரில் ஒரு வட்டக் காகிதம் மெல்லச் சுழலும், வாரத்துக்கு ஒரு சுற்று. உள்ளே இருக்கும் உணர்குழாய் காட்டும் வெப்பத்தை ஒரு மைப்பேனா அதில் கோடாக இழுத்துக்கொண்டே போகும். எட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். இதைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. பௌதிகத்தில் பட்டம் வாங்கிய பெண் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான், அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. மயிலாப்பூரிலிருந்து தினமும் மடிப்புக் கலையாத சட்டையில் வரும் மேனேஜருக்குப் பட்டமும் இல்லை, இயந்திரமும் தெரியாது. அந்த மனிதர் அந்த வட்டக் காகிதத்தை ஒருமுறைகூட நேராகப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் வருபவர்களிடம் அதைக் காட்டிப் பெருமை பேசுவதில் அவருக்கு இணை கிடையாது.

கிடங்கைக் குளிர வைக்கும் கம்ப்ரசரை ஓட்டியவர் அந்தோணி. சாந்தோம் கடற்கரைக் குப்பத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை "நீ" என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை "அம்மா" என்பார். அதில் ஏதோ தவறு இருப்பதாக எனக்கு அன்று தோன்றியதே இல்லை. சிக்கல் என்னவென்றால், கிடங்கின் கதவைத் திறந்தாலே வெளிக்காற்று உள்ளே போய் மணி அடிக்கும். பெட்டி எடுக்க, பெட்டி வைக்க, கணக்குப் பார்க்க என்று நாள் முழுக்கத் திறந்து மூடுவார்கள். நாள் முழுக்க மணி அடிக்கும். ஒருநாள் போய்ப் பார்த்தால் மணிக்குள் பழந்துணி. அந்தோணிதான் அடைத்திருந்தார். நான் அவரிடம் கேட்கவில்லை. சோம்பேறி என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இப்போது நீ முடிவு செய்தாயே, அதைப் போலத்தான்.

ஆனால் மணி தேவையில்லாமல் அடிக்கிறது என்பது எனக்கும் தெரிந்தது. ரிச்சி தெருவுக்குப் போய் நேரம் எண்ணும் ரிலே ஒன்று வாங்கி வந்தேன். எல்லையைத் தாண்டியதும் அது எண்ணத் தொடங்கும். இடைவிடாமல் பத்து நிமிடம் எல்லைக்கு மேலேயே நின்றால் மட்டும் மணியை அடிக்கும். நடுவில் எட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் எண்ணியதை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த விதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, சுவரில் மாட்டினேன். "இடைவிடாமல்" என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு. அன்றிலிருந்து கிடங்கு அமைதியானது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தோணி மட்டும் ரிலேயை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நடுவுல ஒரு தபா கீழ எறங்கிட்டா, மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எறங்குனா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?" என்றார். வேறென்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு என் மேசைக்குப் போய்விட்டேன். எட்டாம் வகுப்பு தாண்டாத மனிதர், கால் நிமிடத்தில் என் விதியின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். பட்டம் வாங்கியவளுக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, முதலாளி தி. நகரிலிருந்து கிடங்கைப் பார்க்க வந்திருந்தார். அவருக்கு என் கண்டுபிடிப்பைக் காட்ட மேனேஜர் கதவைத் திறந்தார். உடனே மணி கத்தியது. பார்த்தால் ரிலேயின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு கம்பித் துண்டு முறுக்கியிருக்கிறது. எண்ணும் வேலையே இல்லாமல் மணி நேராக அடிக்கும்படி யாரோ செய்திருக்கிறார்கள். நான்தான் என்று அந்தோணி உடனே ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தனியாக இருந்தாராம், மோட்டார் சத்தம் மாறியிருந்ததாம். "தெணறிக்கினு கீதும்மா. நின்னு நின்னு ஓடுது. இந்த மணிய நம்ப முடியாதுன்னு கம்பி போட்டேன்" என்றார். முதலாளி முன்னால் எனக்கு ஏற்பட்ட அவமானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. மோட்டாரைப் போய்க் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அன்று மாலையே அறிக்கை எழுதிக் கொடுத்தேன்: எச்சரிக்கைக் கருவியை வேண்டுமென்றே சிதைத்தார், முன்பும் மணியில் துணி அடைத்தவர். அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். என் அறிக்கை சுத்தமான ஆங்கிலத்தில் இருந்தது. உன் அறிக்கையும் சுத்தமான ஆங்கிலத்தில்தான் இருக்கும், சந்தேகமில்லை.

அவருக்குப் பதில் வந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த மோட்டாரோடு பழகியவர் அல்ல. மணி அடித்தால் போன் செய், அடிக்காவிட்டால் ஒன்றும் செய்யாதே என்று மேனேஜர் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். பத்து நாள் கழித்து, கத்திரி வெயிலில் ஒரு சனிக்கிழமை, கம்ப்ரசர் கெடத் தொடங்கியது. முழுதாக நின்றிருந்தால் பத்தாவது நிமிடம் என் மணி அடித்திருக்கும். அது நிற்கவில்லை. சூடாகித் தானாக அணைந்துகொள்ளும், ஏழெட்டு நிமிடம் ஓய்ந்து கிடக்கும், மறுபடி எழுந்து அரை நிமிடம் குளிர்காற்றை ஊதும், மறுபடி அணையும். உணர்குழாயை நான் விசிறிக்கு நேர் எதிரே பொருத்தியிருந்தேன். அந்த அரை நிமிடக் காற்று பட்டதும் அது எட்டுக்குக் கீழே இறங்கும். ரிலே எண்ணியதையெல்லாம் மறந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தூரத்து அலமாரியில் இருந்த பெட்டிகள் அந்தக் காற்றைப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை பகலிலிருந்து திங்கட்கிழமை காலை வரை இப்படியே. மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. விதி சொன்னபடி சரியாக நடந்துகொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான் உன்னைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். நீ ஏழாம் வகுப்பு முடித்திருந்தாய். வேலையில் என்ன செய்கிறாய் என்று கேட்டாய். ஈர மணலில் கோடு போட்டு, இது எல்லை, இது வெப்பம், இங்கே எண்ணத் தொடங்கும், இங்கே அடிக்கும் என்று விளக்கினேன். நீ வாயில் சுண்டலோடு, "அப்போ சும்மா சும்மா அடிக்காது, இல்லம்மா?" என்றாய். கெட்டிக்காரன் என்று உன் தலையைத் தடவினேன். நான் மணலில் அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு மைல் தள்ளி அந்த மருந்து வெந்துகொண்டிருந்தது. உனக்குக் கிடைத்த கல்வி அதுதான். அதை வைத்துத்தான் நீ இன்று முதுகில் தட்டு வாங்கியிருக்கிறாய்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வட்டக் காகிதத்தைப் பார்த்தேன். மெல்லிய கோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மைப்பட்டை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ரம்பத்தின் பற்களைப் போல அடுக்கடுக்காக ஏற்றமும் இறக்கமும். ஒவ்வொரு பல்லின் கீழ்முனையும் எட்டுக்குச் சற்றே கீழே தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. தூரத்து அலமாரியில் தொங்கிய சாதாரண வெப்பமானி இருபத்து நான்கு காட்டியது. மேனேஜரிடம் ஓடினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "மணி அடிச்சுதோ?" இல்லை என்றேன். "அடிக்கலையோன்னோ? அப்போ ஒண்ணும் ஆகலைன்னுதானே அர்த்தம்? நீங்க எழுதின ரூல்தானே சுவத்துல தொங்கறது?" என்றார். மருந்தின் நிறம் மாறவில்லை, பாட்டில் உடையவில்லை, மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறான், பேசாமல் போய் உட்காருங்கோ என்றார். அந்த மனிதரை நான் இன்றும் மதிப்பதில்லை. ஆனால் அவர் பிடித்துக்கொண்டது என் விதியை. பதினோரு மணிக்கு, சாந்தோமில் நடக்கும் சொட்டு மருந்து முகாமுக்கு வேன் புறப்பட்டது. அது கிளம்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. காகிதத்தைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. குப்பத்துப் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்றார்கள். நான் போய் நர்ஸிடம் நிறுத்தச் சொன்னேன். மருந்து கெட்டிருக்கலாம் என்றேன். அந்த நர்ஸ் கத்தவில்லை. கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "எழுதிக் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் எழுதிய ஒரே உருப்படியான அறிக்கை அதுதான், ஒரு நோட்டுப் புத்தகத் தாளில், தமிழில். வரிசை கலைந்தது. எங்கள் ஒரு நாள் கூலி போச்சே, இதைக் காலையில் சொல்ல வாயில்லையா என்று பெண்கள் திட்டினார்கள். அதற்குள் நாற்பத்தோரு குழந்தைகள் குடித்துவிட்டிருந்தன. மருந்தால் தீங்கு வராது, ஆனால் காப்பு இருக்குமா என்று சொல்ல முடியாது, எல்லோருக்கும் புது மருந்து மறுபடி கொடுத்தாக வேண்டும் என்றார் நர்ஸ். பட்டியலில் பெயர்தான் இருந்தது, வீடு தெரியாது. பாதிப் பேருக்கு அப்பன் பெயர்கூட எழுதவில்லை.

குப்பத்தில் எல்லா வீட்டையும் அறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரைத் தேடிக்கொண்டு போனேன். அந்தோணி படகுக்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வட்டக் காகிதத்தை விரித்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி, பற்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கினேன். முதல் தடவையாக "நீங்கள்" என்று வாயில் வந்தது. அவர் முடிக்க விடவில்லை. "அத்த அப்பால பேசலாம். பட்டியல் எங்க?" என்றார். மூன்று நாள் கழித்துப் புது மருந்து வந்தது. நர்ஸும் நானும் அவரும் குடிசை குடிசையாகப் போனோம். அவர் வாசலில் நின்று கூப்பிட்டால்தான் குழந்தையை வெளியே கொண்டு வந்தார்கள், என் குரலுக்கு யாரும் வரவில்லை. நாற்பது குழந்தைகளுக்குக் கொடுத்து முடித்தோம். ஒன்றைக் காணோம். மேரி என்று ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது. அவள் அப்பன் முதல்நாள்தான் குடும்பத்தோடு கடலூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போய்விட்டிருந்தான். எந்தக் குப்பம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பாய். விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். வட்டக் காகிதம் நிறுவனத்தின் சொத்து, அனுமதியில்லாமல் வெளியே எடுத்துப் போனது குற்றம் என்று முடிவு செய்தார்கள். என் வேலை போனது. மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார், பிறகு இதைவிடப் பெரிய நாற்காலிக்குப் போனார். அப்பாவின் சம்பளம் போதும், அதனால் விட்டுவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். அப்புறம்தான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கப் போனேன். அந்தோணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளிக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார்.

இப்போது உன் விதிக்கு வருகிறேன். இடைவிடாமல் என்ற சொல்லை அடித்துவிடு. ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை நிமிடம் எல்லைக்கு மேலே இருந்தது என்று கூட்டு. அது துண்டு துண்டாக இருந்தாலும் கூட்டு. எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பியதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளாதே. நன்றாகக் கீழே இறங்கி, அங்கே நிலைத்து நின்ற பிறகே நம்பு. உணர்கருவியே கெட்டு அளவு வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று உன் விதியில் ஒரு வரி இருக்கிறதா? இருக்காது. என்னுடையதிலும் இல்லை. உணர்குழாய் கெட்டுப் பேனா அசையாமல் நின்றாலும் எல்லாம் நலம் என்றுதான் என் கருவி சொல்லியிருக்கும். உன் உணர்கருவி எங்கே பொருத்தியிருக்கிறது என்று நேரில் போய்ப் பார், வரைபடத்தில் பார்க்காதே. இதெல்லாம் சின்ன விஷயம், உனக்கு ஒரு பகல் போதும். நான் காறித் துப்புவது விதியைப் பார்த்து அல்ல. ஹாரனில் காகிதம் திணித்த மனிதரிடம், ஏன் திணித்தாய் என்று நீ கேட்டதாக உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் பெயரும் இல்லை. எத்தனை வருஷமாக அந்த இயந்திரத்தோடு இருக்கிறார் என்றும் இல்லை. என் வயிற்றில் பிறந்தவன், என்னைப் போலவே ஆகிவிட்டான் என்பதைவிட எனக்கு என்ன தண்டனை வேண்டும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று சாந்தோமுக்குப் போனேன். மாதத்துக்கு ஒருமுறையாவது போய்க்கொண்டுதான் இருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. போனதும் எப்போதும் கேட்பதைக் கேட்டேன். "தெற்கேர்ந்து எந்தப் படகு வந்தாலும் விசாரிச்சிக்கினுதாம்மா கீறேன். இப்போ பத்துப் பதினோரு வயசுப் பொண்ணா இருக்கும்" என்றார் அந்தோணி. ஒன்பது வருஷமாக அதே பதில். அந்தக் குழந்தையின் கால்கள் நன்றாக இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப் போவதும் இல்லை. பிறகு உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முட்டாள்கள் என்ற இடங்களை விடாமல் படித்தேன். அவர் கோணியால் ஐஸை மூடிவிட்டு, "விசாரணை என்னிக்கின்னு போட்டிருக்காரா?" என்று கேட்டார். வரும் வியாழக்கிழமை என்றேன். "அப்போ இன்னாம்மா இங்க நின்னுக்கினு கீறீங்க? போய் எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துவிடும். புதன்கிழமை முழுதும் உனக்கு இருக்கிறது.

அம்மா